குறை யார் கையில் நிற்பது?

ஒரு பொருளில் இருக்கும் குறையை அறிந்தவன், அறியாதவனுக்கு அதை விற்கும்போது வாயைத் திறக்க வேண்டுமா, வேண்டாமா? இது மிகப் பழைய கேள்வி. மாட்டுச் சந்தையில் பிறந்து, குதிரைச் சந்தையில் வளர்ந்து, இன்று கம்ப்யூட்டர் சாமான் விற்கும் நடைபாதைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கேட்டவுடனே, "இதிலென்ன சந்தேகம்? சொல்லத்தான் வேண்டும்" என்று பதில் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லும்போது நம்மை நாம் வாங்குகிறவர் இடத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். விற்கிறவர் இடத்தில் ஒரு நாள் நின்று பார்த்தால்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். அதிலும், ஒருவன் சொல்லாமல் நம் தலையில் கட்டிவிட்ட பொருளை நாம் இன்னொருவனுக்கு விற்க வேண்டி வந்தால், அந்த உடனடிப் பதில் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

இதை நான் யோசிக்க நேர்ந்தது மூலக்கொத்தளத்தில் வாங்கிய ஒரு கிராபிக்ஸ் கார்டினால்.

கொத்தளம் என்றால் மதிலின்மேல் காவலுக்காகக் கட்டும் மேடை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் பெரும்பகுதி எப்போதோ போய்விட்டது. வால்டாக்ஸ் சாலை, மூலக்கொத்தளம் என்ற பெயர்களில் அதன் நினைவு மட்டும் நிற்கிறது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு 1939-இல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் இங்குள்ள இடுகாட்டில்தான் உறங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே வட்டாரத்தில் பழைய பொருள்களின் சந்தை கூடும். பேசின் பாலத்துப் பக்கமிருந்து வரும் கூட்டம் தார்ப்பாய்களுக்கு நடுவே மெல்ல நகரும். ஒற்றைச் செருப்பிலிருந்து ஓடாத மோட்டார் வரையில் எல்லாவற்றையும் அங்கே பரப்பி வைத்திருப்பார்கள்.

இத்தகைய சந்தைகளை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்ல. 1985-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிப் படித்து ஆளானவர்கள் இந்தப் பட்டணத்தில் எத்தனையோ பேர். கையில் காசு குறைவாக உள்ளவன் தன் ஆசைக்கும் வசதிக்கும் நடுவே போட்டுக்கொள்ளும் பாலம் பழைய பொருள் சந்தை. பாலத்தில் ஒரு பலகை உளுத்துப் போயிருந்தால் விழுகிறவன் பணக்காரன் அல்லன். அவன் அந்தப் பாலத்தின் பக்கமே வருவதில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். தகப்பனார் காசிமேடு மீன்பிடி துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிற வேலை செய்கிறார். பையனுக்குப் படம் வரையும் கை. கம்ப்யூட்டரில் உருவங்களை உண்டாக்கி, வெளிச்சம் நிழல் கொடுத்து, அவற்றை நடமாட வைக்கும் வித்தையைக் கற்க வேண்டும் என்று ஆசை. அதற்கான பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அது ஓடுவதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். திரையில் தோன்றும் ஒவ்வொரு புள்ளிக்கும் இன்ன நிறம் என்று கணக்கிடுவதற்காகவே அமைந்த தனிப் பலகை அது. புதிதாக வாங்கினால் தகப்பனாரின் ஒரு மாதச் சம்பாத்தியம் போதாது. விடுமுறை நாட்களில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிச் சேர்த்த 4,500 ரூபாயை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனான். துணைக்கு நானும் போனேன்.

அந்த நாட்களில் பழைய கார்டுகள் சந்தையில் மலிந்து கிடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எத்தீரியம் என்ற மின்காசைக் கணக்குப் போட்டுத் 'தோண்டி' எடுப்பதற்காக உலகெங்கும் லட்சக்கணக்கான கிராபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி அந்த முறையையே எத்தீரியம் கைவிட்டது. ஒரே நாளில் அவ்வளவு கார்டுகளுக்கும் வேலை போயிற்று. வேலை போன மனிதர்களைப் போலவே அவையும் கிடைத்த விலைக்கு ஊர் ஊராகச் சென்றன. அவற்றில் பல இன்றும் நன்றாக உழைக்கின்றன. சில மூச்சு வாங்குகின்றன. எது எப்படி என்பதை வெளித்தோற்றத்தைக் கொண்டு சொல்ல முடியாது. மாட்டுக்குப் பல் உண்டு, சுழி உண்டு. கார்டுக்கு அதெல்லாம் இல்லை.

கடைக்காரர் ஒரு பழைய பெட்டியில் கார்டைச் செருகி, சிறிய மானிட்டரில் படம் வருவதைக் காட்டினார். ஐந்து நிமிடம் ஓடியது. பையன் முகத்தில் வெளிச்சம் அந்த மானிட்டரைவிட அதிகமாக இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கார்டைப் பழைய துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

வீட்டில் 40 நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு திரையில் ஊதா நிறத்தில் கோடுகள் விழுந்தன. சிறு சிறு கட்டங்கள் தோன்றின. கடைசியில் திரை முழுவதும் இருண்டது. அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போட்டால் மீண்டும் 40 நிமிடம். மீண்டும் அதே கோடுகள்.

"ஏமாத்திட்டான் சார்" என்றான் பையன்.

அப்போதே அவனை அழைத்துக்கொண்டு, எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் பையனின் புகாரை முழுவதும் கேட்டுவிட்டு, "அவன் மேல பழி போடறதுக்கு முன்னாடி உன் பொட்டி மேல சந்தேகப்படு, தம்பி" என்றார். அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நீதிமன்றங்களில்கூட இவ்வளவு சுருக்கமாக அந்த நியாயத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த இரண்டு நாள் மாலைகளில் அவர் செய்த வேலையைக் கூட இருந்து பார்த்தேன். முதலில் கார்டைக் கழற்றி, பொன்முலாம் பூசிய அதன் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்பச் செருகினார். கோடுகள் வந்தன. மானிட்டருக்குப் போகும் கேபிளை மாற்றினார். வந்தன. பிறகு பவர் சப்ளையைச் சந்தேகித்தார். மதர்போர்டின் துளை வழியாகக் கார்டுக்கு 75 வாட்தான் கிடைக்கும். மேலும் வேண்டியதைத் தனி ஒயர் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். பழைய பெட்டிகளில் அங்கேதான் பலவீனம் இருக்கும் என்று சொல்லி, தம்முடைய நல்ல பவர் சப்ளையைப் போட்டுப் பார்த்தார். கோடுகள் வந்தன. சூடாக இருக்கும்போதே அணைத்து உடனே மறுபடி போட்டார். விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே, முதல் எழுத்துக்கள் தோன்றும்போதே, கோடுகள் இருந்தன. "அப்போ டிரைவர் மேலயும் தப்பு இல்ல" என்று மென்பொருளை விடுதலை செய்தார். கார்டின் மேலிருந்த வெப்பத் தகட்டைக் கழற்றிக் காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவினார். 40 நிமிடம் 45 நிமிடம் ஆயிற்று, அவ்வளவுதான். முடிவாக, பையனின் பெட்டியில் வேறொரு கார்டைப் போட்டு மூன்று மணி நேரம் ஓட்டினார்; ஒரு குறையும் இல்லை. பையனின் கார்டைத் தம் பெட்டியில் போட்டு ஓட்டினார், அதே கோடுகள்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது, மற்றவற்றை அப்படியே வைத்திருப்பது: இந்த முறையை ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தர்க்க நூலில் விரிவாக வகுத்திருக்கிறார். எங்கள் மெக்கானிக் அதைப் படித்தவர் அல்லர். ஆனால் சந்தேகத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை அவர் கைகள் அறிந்திருந்தன. குற்றவாளி யார் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டுச் சாட்சி தேடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அவர் சாட்சிகளை ஒவ்வொருவராக விசாரித்து, நிரபராதிகளை வீட்டுக்கு அனுப்பி, கடைசியில் மீந்தவனைப் பிடித்தார்.

பிறகு கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மூங்கில் குச்சியால் பலகையின் ஒரு மூலையை லேசாக அமுக்கினார். கோடுகள் மறைந்தன. குச்சியை எடுத்தார், திரும்பி வந்தன. விளங்கிவிட்டது. கார்டின் நடுவிலுள்ள சில்லு, கடுகைவிடச் சிறிய நூற்றுக்கணக்கான பற்றுலோக உருண்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சூடேறும்போது சில்லும் பலகையும் ஒரே அளவாக விரிவதில்லை. ஏறி இறங்கும் அந்த இழுபறியில் நாளடைவில் ஏதாவதோர் உருண்டையில் மயிரிழை போல விரிசல் விழும். ஆறியிருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறினால் விலகும். இது நடைபாதைச் சரக்குக்கு மட்டும் வரும் வியாதி அல்ல. உலகப் புகழ் பெற்ற என்விடியா நிறுவனமே, மடிக்கணினிகளுக்காக விற்ற சில சில்லுகளின் பொதியில் இருந்த பலவீனத்துக்காக 15 கோடி டாலர் முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டியிருப்பதாக 2008 ஜூலையில் அறிவித்தது.

இன்னொன்றையும் மெக்கானிக் காட்டினார். சில்லின் ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்த ஒரு கறை. சால்டரிங் செய்யும்போது இடும் பசையின் மிச்சம் அது. "ஏற்கெனவே யாரோ சூடு காட்டியிருக்காங்க சார். சூடு காட்டினா விட்டுப்போனது கொஞ்ச நாளைக்குத் தொட்டுக்கும். ரெண்டு வாரம், மூணு வாரம். அப்புறம் பழைய குருடிதான்."

ஆக, நம்மிடம் வருவதற்கு முன்பே இந்தக் குறையை ஒருவன் அறிந்திருக்கிறான். ஆனால் அவன் யார்? மறு ஞாயிற்றுக்கிழமை பையன் சந்தைக்குப் போய்க் கறையைக் காட்டிக் கேட்டான். "இன்னா தம்பி, போட்டுக் காட்டித்தானே குட்த்தேன்? நான் மொத்தமா எடை போட்டு எடுத்தது. எத்தை யாரு சுட்டாங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்றார் கடைக்காரர். கொஞ்ச நேரம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்தார். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமா, இரக்கமா, தொந்தரவு விட்டால் போதும் என்ற எண்ணமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்குக் குறை தெரியாமலே இருந்திருக்கலாம். 40 நிமிடம் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஓட்டிப் பார்க்காமல் இருப்பதில் அவருக்கு ஒரு சௌகரியமும் உண்டு. தெரியாமை சில சமயம் தானாக வருகிறது. சில சமயம் நாமே நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம்.

இந்த இடத்தில்தான் மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார். கெட்ட எண்ணத்தால் அல்ல. பையன் மேலுள்ள பரிவினால் சொன்னார். "நானும் ஒரு தபா சூடு காட்டித் தரேன். அடுத்த ஞாயிறு நீயே போய் வித்துடு. போட்ட துட்டு வந்துடும். இல்லாட்டி எனக்குக் கழிவாக் குடு; பேன், தகடு, மெமரி இதுக்கெல்லாம் 600 ரூபா தரேன்."

பையன் என்னைப் பார்த்தான். "அவங்க எனக்குச் செஞ்சதைத்தானே சார் நானும் செய்யப் போறேன்?"

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இன்றும் நடைமுறையில் இருக்கும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், மோசடியைப் பற்றிய 17-ஆம் பிரிவில் சில உதாரணங்களைத் தருகிறது. ஒருவன் ஏலத்தில் குதிரை விற்கிறான். அது நோய்ப்பட்ட குதிரை என்று அவனுக்குத் தெரியும். வாங்குகிறவனிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அடுத்த உதாரணத்தில் வாங்குவது அவனுடைய சொந்த மகள், அப்போதுதான் மேஜரானவள். இங்கே அந்த உறவே அவனைப் பேசக் கடமைப்படுத்துகிறது. மூன்றாவதில், நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குகிறவன் சொல்கிறான். விற்கிறவன் சும்மா இருக்கிறான். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

இந்த மூன்று குதிரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குதிரை ஒன்றுதான்; நோய் ஒன்றுதான்; மௌனமும் ஒன்றுதான். எதிரில் நிற்கிற ஆள் மாறினால் அதே மௌனம் குற்றமாகிவிடுகிறது. மகளிடம் சொல்லாமல் விற்பது தவறு என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. முன்பின் தெரியாதவனை மகளாக நினை என்று ஒருவனைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தால் முடியாது. அதனால் அது அங்கே நின்றுவிடுகிறது. மூன்றாவது குதிரையில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு குறையும் இல்லை என்று நம்பித்தான் வாங்குகிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகு எதிரில் உள்ளவருடைய மௌனம் பழைய மௌனமாக இராது.

அதே 17-ஆம் பிரிவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அறிந்த உண்மையை முயன்று மறைப்பது மோசடி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வித்தியாசத்தைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள். ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 44-இல் தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு வழக்கைச் சொல்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு வியாபாரி கப்பலில் தானியம் கொண்டுவருகிறான். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வருவதை அவன் வழியில் பார்த்திருக்கிறான். சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற ஆசிரியர், சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்றார். அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர், மனிதனுக்கு மனிதன் கடமைப்பட்டவன். சொல்லத்தான் வேண்டும் என்றார். சிசரோ மாணவர் பக்கம் நின்றார்.

எங்கள் விவகாரத்தில் ஆசிரியர், மாணவர் இருவருமே ஒரே தீர்ப்புத்தான் சொல்லியிருப்பார்கள். கார்டுக்குச் சூடு காட்டி விற்பதை மௌனம் என்று சொல்ல முடியாது. நாம் வாயை மூடிக்கொண்டு, நமக்குப் பதிலாகக் கார்டையே பொய் பேச வைக்கிறோம். சட்டமும் விடாது, சாத்திரமும் விடாது. இதைப் பையனிடம் சொன்னேன்.

பையன் கெட்டிக்காரன். "சரி சார், சூடு காட்ட வேணாம். இருக்கிற மாதிரியே விக்கிறேன். 40 நிமிஷம் ஓடுதே, அது பொய்யில்லையே? கேட்டா சொல்லிடறேன். கேக்கலேன்னா நான் எதுக்குச் சொல்லணும்?" என்றான்.

இதுதான் உண்மையான கேள்வி. இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. முதல் குதிரையின் பின்னால் அவன் பத்திரமாக நிற்கிறான். மேலும் அவன் பக்கத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. அவன் ஏழை. நஷ்டம் அவன் தேடிக்கொண்டது அல்ல. பெரிய மனிதர்கள் பெரிய பொருள்களில் செய்வதை இவன் ஒரு சிறிய பலகையில் செய்தால் உலகம் முழுகிவிடுமா?

உலகம் முழுகாது, சந்தை முழுகும். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார்களின் சந்தையை வைத்து 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு முக்கியக் காரணம் அந்தக் கட்டுரை. அவர் சொல்வது நம் பாட்டிமார்களுக்கும் விளங்கும். நல்லதையும் கெட்டதையும் வாங்குகிறவனால் பிரித்தறிய முடியாதபோது, இரண்டுக்கும் நடுவான ஒரு விலையைத்தான் அவன் கேட்பான். நல்ல பொருள் வைத்திருப்பவன் அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் வீட்டுக்குப் போய்விடுவான். மீதி இருப்பது கெட்டது. விலை இன்னும் இறங்கும். கடைசியில் நம்பி வாங்க ஆளும் இராது, நம்பி விற்க ஆளும் இராது. இந்தியக் கடைத்தெருவில் அரிசியின் நிறத்திலேயே கல்லைத் தேடிக் கலந்து விற்பதையும், அதைப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்குவதையும் அந்தக் கட்டுரையிலேயே அவர் உதாரணமாகக் குறிப்பிடுகிறார். பொய்யின் விலையைப் பொய் சொன்னவன் மட்டும் கொடுப்பதில்லை. வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் முறத்தின் முன் உட்காரும் ஒருத்தி தினமும் அரை மணி நேரமாகக் கொடுக்கிறாள்.

ஆனால் இதையும் பையனுக்கு முழுப் பதிலாக நான் சொல்ல விரும்பவில்லை. சந்தை கெட்டுவிடும் என்பது கணக்கு. இவன் ஒருவன் சொல்வதால் சந்தை திருந்திவிடாது என்பதும் கணக்குத்தான். கணக்குக்குக் கணக்கு சரியாகிவிடும்.

நான் அவனிடம் வேறொன்று கேட்டேன். "இதைக் கழிவாகக் கொடுத்தால் 600 ரூபாய். சொல்லாமல் விற்றால் 4,500. இரண்டுக்கும் நடுவில் 3,900 ரூபாய் இருக்கிறதே, அது எதற்கு விலை?"

கார்டு ஒன்றுதான். அதன் உள்ளே இருக்கிற பேனும் தகடும் சில்லும் இரண்டு விலையிலும் அவையேதான். அதிகப்படியான 3,900 ரூபாய்க்கு எதிர்த்தட்டில் இருப்பது ஒரே ஒரு சரக்கு: வாங்குகிறவனுடைய அறியாமை. அதைத்தான் விற்கிறோம். அதுவோ நம்முடைய சொத்து அல்ல, அவனுடையது. அவனுடையதை எடுத்து அவனுக்கே விற்றுக் காசு வாங்குகிறோம். திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வள்ளுவர் வியாபாரிக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருளைப் போலப் பேணுவதுதான் வாணிகம் என்பது அதன் கருத்து. நீதிபதிக்குச் சொல்ல வேண்டியதை வியாபாரிக்கு ஏன் சொன்னார் என்று இளமையில் எனக்குப் புரியவில்லை. விற்கிறவன் ஒவ்வொருவனும் தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறான். எதிர்க்கட்சிக்காரனுக்கு வழக்கு நடப்பதே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில்தான் நடுவு நிலைமை மிகவும் தேவைப்படுகிறது.

"அவங்க எனக்குச் செஞ்சதைத்தானே" என்று பையன் சொன்னானே, அதிலும் ஒரு பிழை இருக்கிறது. அவனுக்குச் செய்தவனிடம் அவன் திருப்பிச் செய்யப் போவதில்லை. சங்கிலியில் பின்னால் இருப்பவனைத் தொட முடியாது. முன்னால் வருகிறவனைத்தான் தொட முடியும். அந்த முன்னால் வருகிறவன் யார்? 4,500 ரூபாய்க்குப் பழைய கார்டு தேடி மூலக்கொத்தளம் வருகிறவன், பெரும்பாலும் இவனைப் போலவே இன்னொரு பையனாகத்தான் இருப்பான். அவனும் ஏதாவது மண்டபத்தில் பந்தி பரிமாறியிருப்பான். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் தீர்ப்பது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வீட்டுக்குள் பரம்பரையாக நடக்கும் அந்தக் கொடுமைக்கும் சந்தையில் நடக்கும் இந்தக் கொடுமைக்கும் வேர் ஒன்றுதான். பட்ட கடனைக் கொடுத்தவனுக்குத் திருப்ப முடியாதபோது, இளைத்தவன் எவன் கிடைக்கிறானோ அவன் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

குறை என்பது எங்கேயாவது ஒருவன் கையில் நின்றுதான் ஆகவேண்டும். கார்டில் விழுந்த விரிசல் கை மாறுவதனால் மூடிக்கொள்வதில்லை. கடைசியாக யார் கையில் நிற்கிறதோ அவன் ஏமாளி என்று உலகம் சொல்லும். அறிந்தே நிறுத்திக்கொள்கிறவனுக்கும் அறியாமல் அகப்பட்டுக்கொள்கிறவனுக்கும் உள்ள வேறுபாட்டை உலகம் கவனிப்பதில்லை. என் எண்ணத்தில் அந்த வேறுபாடுதான் மனிதனுக்கு நாணயம் என்ற ஒன்று உண்டு என்பதற்கு அத்தாட்சி.

இப்படியெல்லாம் தர்மம் பேசுகிறவர் அந்த 3,900 ரூபாயைத் தாமே கொடுத்துவிட்டிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொடுக்கத்தான் போனேன், பையன் வாங்கவில்லை. "அப்ப நஷ்டம் உங்க கைக்கு வரும், அவ்ளோதானே சார்?" என்றான். நான் அவனுக்குச் சொன்ன பாடத்தை எனக்கே திருப்பிச் சொன்னான்.

அவன் இரண்டு நாள் யோசித்தான். பிறகு கார்டை மெக்கானிக்கிடம் கழிவு விலைக்கே கொடுத்துவிட்டான். கொடுக்கும் முன், அழியாத மையால் அதன் தகட்டின் மேல், "சூடானால் கோடு விழும். 40 நிமிடம்" என்று எழுதினான். மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சா போயிடும் தம்பி" என்றார். "தொடைக்கட்டும்ணா. தொடைக்கிறவனுக்காவது தெரியுமில்ல?" என்றான் அவன்.

எழுத்து அழியலாம். ஆனால் அதற்கப்புறம் எனக்குத் தெரியாது என்ற நிழலில் ஒருவனும் ஒதுங்க முடியாது. ஒரு சாதாரண மனிதன் ஒரு பொருளுக்குச் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று தோன்றுகிறது: குறையோடு குறையின் பெயரையும் சேர்த்து அனுப்புவது.

இதனால் பையனுக்கு லாபம் வந்தது என்று கதை முடிக்க எனக்கு விருப்பமில்லை. கடைக்காரர் கொடுத்த ஐந்நூறும் மெக்கானிக் கொடுத்த அறுநூறும் போக அவனுக்கு 3,400 ரூபாய் நஷ்டம். அந்த வருஷம் முழுவதும் அவன் பழைய மெதுவான பெட்டியிலேயே, ஒரு படம் உருவாக ஓர் இரவு காத்திருந்து, கற்றுக்கொண்டான். அறம் செய்தவனுக்குக் கடைசியில் எல்லாம் கூடிவரும் என்று நாம் குழந்தைகளுக்குச் சொல்லும்போது, அறத்தையும் ஒரு வியாபாரமாக்கி விடுகிறோம். கூடி வராமலும் போகும். வராது என்று தெரிந்தே செய்கிறவர்கள் இருப்பதால்தான் சந்தையில் இன்னும் அறிமுகமில்லாதவர்கள் ஒருவரையொருவர் நம்பிப் பணம் கொடுக்கிறார்கள்.

அவன் காப்பாற்றிய ஆளும் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு இது தெரியவே தெரியாது. நன்றி சொல்லவும் வரமாட்டான். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு தார்ப்பாயின் முன் குந்தி, வேறொரு கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்.